சிவப்பு ஜன்னலின் மேல் ஒரு கடிகாரம்

எனக்குச் சுறுசுறுப்பு கொஞ்சம் குறைவு, சார். மாரண்டஹள்ளிப் பக்கம் மாம்பழக்கூழ் ஆலையில் இத்தனை வருடம் உட்கார்ந்தே சம்பளம் வாங்கியவன் நான்.

என் எதிரே இருந்தது ஒரு பழைய டெர்மினல். வெறும் திரை, கீபோர்டு, மவுஸ். மூளை மட்டும் பக்கத்து அறை யூனிக்ஸ் கம்ப்யூட்டரில். "உங்களுக்கும் மூளை வேற ரூம்லதான்" என்பாள் என் மனைவி ஏஞ்சலின். ஜன்னல் ஜன்னலாகப் படம் காட்டிய முதல் தலைமுறை அது. ஒரு ஜன்னலில் குளிர் அறையின் அளவுகள், ஒன்றில் கடிகாரம், இன்னொன்றில் மவுஸ் போகும் பக்கமெல்லாம் உருளும் இரண்டு கண்கள். அதை ஓட்டத் தெரிந்தவன் ஆலையில் நான் ஒருவன்தான். அது முரண்டு பிடித்தால் முதலாளியே வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நிற்பார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியாது. வேறு எதற்கும் யாரும் என் பின்னால் நின்றதில்லை.

முருகேஷ் புதிதாக வந்த இன்ஜினியர். தங்கமான ஆள்.

"விக்டர் அண்ணா, இனிமே எல்லாத்தையும் போன்லயே பாத்துக்கலாங்க. இந்தப் பொட்டியப் பழைய இரும்புக்குப் போட்டுரலாம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நானும் சிரித்தேன், டீகூட வாங்கிக் கொடுத்தேன்.

போனுக்குத் தகவல் அனுப்பும் புதிய சென்சாரை மாட்ட அவன் குளிர் அறைக்குள் போயிருந்தபோது, திரையில் சிவப்பு ஜன்னல் எழும்பியது. குளிரூட்டும் அம்மோனியா கசிகிறது, மூச்சை அடைத்துக் கொல்லும் வாயு. அது வந்தால் நான் சைரனை அழுத்தி, ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட வேண்டும். அந்தக் கதவின் உள் கைப்பிடி சில நாளாக மக்கர் செய்வது எனக்குத் தெரியும்.

நான் சிவப்பு ஜன்னலை மூடவில்லை, சார். மூடினால் விதிமீறல். கடிகார ஜன்னலை இழுத்து அதன் மேல் வைத்தேன், அவ்வளவுதான். புது சென்சார் என்ன கிழிக்கிறது பார்ப்போம் என்று. மவுஸை அங்கேயே விட்டதால் அந்த இரண்டு கண்களும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. அதன் பிறகுதான் சைரனை அழுத்தினேன். ஓடியதில் எனக்கு மூச்சு வாங்க, என்னைத்தான் முதலில் பிடித்து உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

இழவு வீட்டில் அவன் அம்மா தீர்த்தம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பொட்டி ஒண்ணுமே சொல்லலைங்களா, சாமி?"

"சொல்லலைங்க, ஆத்தா."

வாய் கூசவில்லை. சர்ச்சில் பாதிரியாரிடம் செய்த பாவசங்கீர்த்தனத்திலும் வழக்கம்போல கோபம், சோம்பல் என்று ஒப்பித்துவிட்டு வந்தேன்.

நேற்று முதலாளி எல்லோரையும் கூட்டி, ஓட்டை டெர்மினல் எச்சரிக்காததால்தான் சாவு என்றார். பழைய இரும்பு வண்டியில் ஏற்றும்போது யாரோ அதை எட்டி உதைத்தார்கள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

முருகேஷைக் கொன்றது நான். வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அதோடு தனியாக ஒரு வரி சேர்த்துவிடுங்கள், சார்: டெர்மினல் சரியான நேரத்தில் சொன்னது. அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை.