பங்கர் மூலையில் இருந்த தையல் மெஷின்

முதல் செல் குண்டு கூவிக்கொண்டு போகிறது. தூரத்தில் விழுகிறது. காலை ஒன்பது பத்து. அடுத்தது கூவவில்லை. கூவாதது பக்கத்தில் விழும் என்று எங்களுக்குத் தெரியும்.

"பங்கருக்குள்ள போங்கோ!" அண்ணன் கத்துகிறார். அவருடைய இரண்டு பிள்ளைகளையும் பதுங்குகுழிக்குள் தள்ளுகிறேன். நானும் இறங்குகிறேன். அண்ணனும் இறங்கிவிட்டார். அப்போதுதான் அவள் ஓடி வருகிறாள். குனிந்து உள்ளே பார்க்கிறாள்.

"இடமில்லை! அங்கால ஓடுங்கோ!"

கத்தியது அண்ணன் இல்லை. நான்.

ஓடினாள். செல் விழுந்தது. மண் கொட்டியது. காது அடைத்துப்போனது. வெளியே வந்தபோது கிணற்றடியில் கிடந்தாள்.

அதற்கு முதல் நாள் மாலைதான் அவளை முதன்முதலாகப் பார்த்தேன். வன்னியில் அப்போது சாக்கு கிடையாது. சேலையைப் பையாகத் தைத்து, மண் நிரப்பி, பங்கரைச் சுற்றி அடுக்குவோம். நான் தையல்காரி. பச்சைச் சேலை ஒன்றைக் கொடுத்து, பை தைத்துத் தரச் சொன்னாள். "காலமை வாங்கோ" என்றேன். சொன்னபடி வந்தாள்.

இப்போது கடல் தாண்டி வந்து கீரனூர்ப் பக்கம் அகதி முகாமில் இருக்கிறேன். மாலையில் பிள்ளைகளுக்கு ட்யூஷன். எல்லோரும் இங்கேயே பிறந்தவர்கள். பேச்சும் இந்த ஊர்ப் பேச்சு. ஆண்டுக்கொரு நாள் போரில் இறந்தவர்களுக்கு விளக்கு வைக்கிறோம். ஒரு பிள்ளை, ஓர் அகல், ஒரு பெயர். பெயரைச் சொல்லி, அவரைப் பற்றி ஒரு வரி சொல்லி ஏற்ற வேண்டும். கற்றுக்கொடுத்தவள் நான். கடைசி அகலை மட்டும் நானே ஏற்றுவேன். "பெயர் தெரியாதவர்களுக்கு" என்பேன். பொதுவாகச் சொன்னால் அது யார் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

இந்த ஆண்டு ஒத்திகையில் ஏழாம் வகுப்புச் சாருமதிக்கு அகல் வரவில்லை. கடைசி அகலைக் கேட்டாள்.

"அது யாருக்கு டீச்சர்? ஒரு வரி சொல்லுங்க, மனப்பாடம் பண்ணிக்கிறேன்."

எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். இத்தனை வருஷமும் அதைத்தானே செய்தேன். அன்றைக்கு முடியவில்லை. பச்சைச் சேலையைச் சொன்னேன். கத்தியதைச் சொன்னேன். இடம் இருந்ததையும் சொன்னேன். பங்கர் மூலையில் என் தையல் மெஷின் இருந்தது. மண் படாமல் போர்வை சுற்றி வைத்திருந்தேன். முழங்காலை மடக்கினால் அந்த இடத்தில் ஓர் ஆள் உட்காரலாம்.

சாருமதி யோசித்தாள். "மெஷினத் தூக்கி வெளிய வச்சிருக்கலாம்ல டீச்சர்?"

"வைச்சிருக்கலாம்."

"அப்ப நான் என்ன சொல்றது?"

"இதைத்தான்."

விளக்கு வைக்கும் நாள் மாலை வந்தது. முகாமே உட்கார்ந்திருந்தது. இனி இந்தப் பிள்ளைகள் என்னை டீச்சர் என்று கூப்பிடுவார்களா என்று பயந்தேன். வெட்கமாகவும் இருந்தது. சாருமதி திரியைத் தூண்டி ஏற்றினாள். நிமிர்ந்து நின்று சத்தமாகச் சொன்னாள்.

"பேரு தெரியாது. பச்சைச் சேலை குடுத்தவங்க. எங்க டீச்சர் இவங்களுக்கு எடம் குடுக்கல."

யாரும் எழுந்து போகவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

போனவற்றை எழுதி வைக்கிறேன். அண்ணன். அவருடைய மூத்த பிள்ளை. இருவரும் பிறகு ஒரே நாளில். வீடு, கிணறு. தையல் மெஷினைப் பத்தொன்பது நாள் கழித்து, தப்பியோடக் கழுத்தளவு நீரேரித் தண்ணீரில் இறங்குமுன் கரையில் நானே போட்டுவிட்டு வந்தேன். பச்சைச் சேலையில் தைத்த இரண்டு பைகள். அவற்றிலும் மண் நிரப்பி எங்கள் பங்கர் வாசலில்தான் அடுக்கினோம். அவள், ஒருத்தி. சேலையை வாங்கும்போது பெயரை நான் கேட்கவே இல்லை.