மேஜைமேல் நன்றாகச் சுற்றும் ரீல்

இந்தத் தூண்டில் ரீலோடு நீங்கள் பட்ட பாட்டைப் பார்த்தால் எனக்கே சங்கடமாக இருக்கிறது, சார். மேஜைமேல் வைத்துச் சுற்றினால் வழுக்கிக்கொண்டு சுற்றுகிறது. நூலைப் பிடித்து இழுத்தால் அளவோடு விட்டுக்கொடுக்கிறது. பிரித்தும் பார்த்துவிட்டீர்கள். துரு இல்லை, மணல் இல்லை, பல் உடைந்த சக்கரம் இல்லை. ஆனால் கவிழ்ந்த கயாக்கைக் கரைக்கு இழுத்து வந்தபோது மீன் தூண்டிலிலேயே மாட்டியிருந்தது, நூல் ஒரு முழம்கூட வெளியே போயிருக்கவில்லை. இங்கே சுற்றுகிற ரீல் கடலில் மட்டும் ஏன் பூட்டிக்கொண்டது? தூண்டில் சாமான் விற்கிறவன், ரீல் பழுது பார்க்கிறவன், இறந்தவருக்கு மாமனார். அதனால் என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். கூப்பிட்டது சரிதான். சொல்கிறேன். கொஞ்சம் அடியிலிருந்து ஆரம்பித்தால்தான் புரியும்.

முதலில் கயாக். ஒரே ஆள் உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒல்லிப் படகு. உட்கார்ந்தால் இடுப்புக்கும் கடலுக்கும் நடுவே ஒரு சாண்தான். பெரிய படகில் ரீல்மேல் சாரல் தெறிக்கும். கயாக்கில் ரீல் குளிக்கவே செய்யும். அதனால் கயாக்குக்கு ரீல் கேட்டு வருகிறவர்களிடம் நான் பளபளப்பைக் காட்டுவதில்லை. கைப்பிடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தைக் காட்டுவேன். தண்ணீர் நுழையக்கூடிய ஒவ்வொரு இடுக்கிலும் அப்படி ஒரு வளையம் காவல் இருக்க வேண்டும். அடுத்தது உடம்பு. பிளாஸ்டிக் உடம்பு பெரிய மீன் இழுக்கும்போது லேசாகக் கோணும். கோணினால் உள்ளே சக்கரங்கள் ஒன்றையொன்று கடிக்கும். உலோக உடம்பு கோணாது. இந்த ரீலைத் தட்டிப் பாருங்கள், சத்தத்திலேயே தெரியும். என் கடையில் இருந்ததிலேயே உழைக்கிற ரீல் இதுதான். நானே தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன்.

இனி டிராக். ரீலின் உயிரே அதில்தான் இருக்கிறது. மீன் ஓடும்போது நூலை இறுக்கிப் பிடித்தால் ஏதாவது ஒன்று உடையும்; சும்மா விட்டால் மீன் போய்விடும். பிடித்துக்கொண்டே விட்டுக்கொடுக்க வேண்டும். அதற்காகச் சின்னச் சின்ன வாஷர்களை அடுக்கி, மேலே ஒரு திருகு வைத்திருக்கிறார்கள். திருகை இறுக்க இறுக்க வாஷர்கள் நெருக்கி உரசும். சைக்கிள் பிரேக்கைப் பாதி பிடிப்பது மாதிரி. நல்ல ரீலில் இந்த வாஷர் கார்பன் இழையால் செய்தது. நனைந்தாலும் சூடேறினாலும் அதன் குணம் மாறாது. மனிதர்களை அப்படிச் சொல்ல முடியாது.

டிராக் பூட்டிக்கொண்டால் கரையில் நிற்பவன் நாலடி முன்னால் நடப்பான். கயாக்கில் இருப்பவன் எங்கே நடப்பது? இப்போதைய பின்னல் நூல் சுலபத்தில் அறாது. தூண்டில் கை நழுவிக் கடலில் போய்விடக் கூடாது என்று அதை ஒரு கயிறால் படகோடு கட்டியிருப்பார்கள். கையை விட்டாலும் மீன் படகை விடாது. பக்கவாட்டில் இழுக்கும், கவிழ்க்கும், அப்புறம் கவிழ்ந்த படகையும் இழுத்துக்கொண்டு போகும். ஆள் மட்டும் தண்ணீரில் நிற்பான்.

என் மருமகனைக் கடற்கரையில் எல்லோரும் ‘துடுப்பு’ என்றுதான் கூப்பிடுவார்கள். பார்த்தது ஆபீஸ் வேலை, மனசெல்லாம் கடல். முதலில் ரீல் வாங்கத்தான் கடைக்கு வந்தார். கல்லாவில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். “ரீல் வாங்க வந்தவன் பொண்ணைக் கட்டிக்கிட்டான், தூண்டில் போட்டது யாருன்னுதான் தெரியல” என்று பக்கத்து டீக்கடைக்காரர் இன்றைக்கும் சிரிப்பார். கல்யாணமாகியும் மகள் தூரமாகப் போகவில்லை. கடைக்கு மேலேயே குடியிருந்தார்கள். என் மனைவி இறந்த பிறகு, மேலே அவள் நடக்கும் சத்தம் இருக்கிறதே, அதுதான் எனக்கு வீடு. நான் கீழே ரீலைப் பிரித்துக்கொண்டிருப்பேன். அவள் அடுப்பிலிருந்து ஜன்னலுக்குப் போவது, ஜன்னலிலிருந்து கட்டிலுக்குப் போவது எல்லாம் காதிலேயே தெரியும்.

ஒரு நாள் மருமகன் கடைக்குள் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“மாமா, நாங்க வீடு மாத்துறோம்.”

“பக்கத்துத் தெருவுக்கா?”

“இல்ல மாமா. மலைப்பக்கம். கடலே கிடையாது.”

“அப்ப மீனுக்கு என்ன பண்ணுவீங்க, மாப்ள?”

“எல்லாரையும் போல மார்க்கெட்ல நின்னு பேரம் பேச வேண்டியதுதான்” என்று சிரித்தார். சிரிப்பு சரியாக வரவில்லை. அதை நான் அன்றைக்கே கவனித்திருக்க வேண்டும்.

நான் கெஞ்சாமல் இருந்தேன் என்று நினைக்காதீர்கள். கடையையே எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். நானும் கூட வருகிறேன் என்றேன். “அங்க வந்து என்ன மாமா பண்ணுவீங்க, உப்புக்காத்து இல்லாம உங்களுக்கு மூச்சு முட்டும்” என்றார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தும் பார்த்தேன். டாக்டர் வாயு என்று சொல்லிவிட்டார். மகள் நடுவில் சில தடவை வந்து, “அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்” என்று ஆரம்பித்தாள். “உன் வீட்டுக்காரர் எல்லாம் சொல்லிட்டாரும்மா” என்று திரும்பிக்கொண்டேன். கூட்டிப்போகிறவரிடம் பேசாமல் கூடப் போகிறவளிடம் பேசி என்ன பயன் என்று நினைத்தேன்.

மருமகனுக்குக் கிளம்புமுன் ஒரு தடவை வெளிக்கடலுக்குப் போக ஆசை. ரீலைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

“சர்வீஸ் பண்ணிக் குடுங்க மாமா. உங்க கை பட்டா எனக்குப் பயமே இல்ல.”

செய்து கொடுத்தேன். என்ன செய்தேன் என்பதை அதன் இடத்தில் சொல்கிறேன். கொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. கவிழ வேண்டும், பயப்பட வேண்டும், கை பிசகினால் இன்னும் நல்லது. பயணம் தள்ளிப்போகும். தள்ளிப்போனது நின்றும் போகலாம். பெரிய மீன் மாட்டாமலேகூட இருந்திருக்கலாம். அதை நான் கடலிடம் விட்டுவிட்டேன். என் தரப்பில் நியாயமாகத்தான் நடந்துகொண்டேன். தூண்டிலைக் கட்டும் கயிறு நைந்திருந்தது. புதிதாக மாற்றிக் கொடுத்தேன். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொள்ளச் சொன்னதும் நான்தான்.

மதியம் போன் வந்தது. கழுத்தில் தொங்கும் தண்ணீர் புகாத பைக்குள் போன் வைத்திருப்பார்.

“மாமா, ரீல் பூட்டிக்கிச்சு. கவுந்துட்டேன். படகை மீன் இழுத்துட்டுப் போகுது, எட்டிப் பிடிக்க முடியல.”

“ஜாக்கெட் போட்டிருக்கீங்கல்ல?”

“போட்டிருக்கேன். மீட்புப் படகுக்குப் போன் பண்ணட்டா?”

அந்த இடத்தில் கொஞ்சம் யோசித்தேன், சார். அவர்கள் வந்தால் உடனே தூக்கிவிடுவார்கள். தலையைத் துவட்டிக்கொண்டு சிரித்தபடி கரையேறுவார். சொன்ன தேதியில் ரயிலேறுவார். பயப்படக்கூட நேரம் இருக்காது.

“வேணாம் மாப்ள, சார்ஜை வீணாக்காதீங்க. நீந்தாதீங்க. முட்டியை மடக்கி நெஞ்சோட அணைச்சுக்கிட்டு அப்படியே மெதங்க, உடம்புச் சூடு போகாது. என் படகு இருக்குல்ல, நான் இதோ வந்துடறேன்.”

“சரி மாமா” என்றார். குரலில் நிம்மதி தெரிந்தது.

சொன்ன முறையில் தப்பில்லை. குளிர்ந்த தண்ணீரில் அப்படித்தான் மிதக்க வேண்டும். கையெல்லாம் கிரீஸ், சோப்புப் போட்டுக் கழுவினேன். மேஜையில் வேறொருவருடைய ரீல் பிரித்தபடி கிடந்தது. அப்படியே போட்டுவிட்டுப் போனால் திருகுகள் உருண்டு தொலைந்துவிடும். அதை முழுவதும் மாட்டி, ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன். போன் மறுபடி அடித்தது. இப்போதுதானே பேசினோம் என்று எடுக்கவில்லை. நான் படகை எடுத்துப் போனபோது நீரோட்டம் திரும்பியிருந்தது. தேடினேன், சார். உண்மையாகவே தேடினேன். ஜாக்கெட்டோடு அவர் மறுநாள்தான் கிடைத்தார், முட்டியை மடக்கி அணைத்தபடியே.

காரியங்களெல்லாம் முடிந்த பிறகு மகள் கீழே இறங்கி வந்தாள். அவர் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“அப்பா, அந்த ஊர்ல வேலை கிடைச்சது எனக்கு. அவருக்கு இல்ல.”

பிரித்துக்கொண்டிருந்த ரீலைக் கீழே வைத்தேன்.

“அவர் கடைசி வரைக்கும் வேணாம்னுதான் சொல்லிட்டிருந்தார். ‘அப்பாவைத் தனியா விட்டுட்டுப் போறது நல்லாவா இருக்கு, யோசிச்சுப் பாரு’ன்னு. நான்தான் பிடிவாதமா இருந்தேன். அன்னைக்குத் திரும்பி வந்ததும் உங்ககிட்ட பேசி, நீங்க சொன்னா நானும் கேப்பேன்னு நெனச்சிட்டிருந்தார்.”

“இப்ப என்னம்மா பண்ணப் போற?”

“போறேம்பா. இனிமே இந்தக் கடலைப் பாத்துக்கிட்டு என்னால இருக்க முடியாது. திங்கக்கிழமை ரயில்.”

அடைப்பு ஓரிடத்தில் இருக்க, வேறொன்றைக் கழற்றி எறிந்திருக்கிறேன். என் தொழிலில் எனக்கு இப்படி நடந்ததே இல்லை. மேலே அவள் நடக்கிறாள். அலமாரிக்கும் பெட்டிக்கும், பெட்டிக்கும் அலமாரிக்கும். கேட்டுக்கொண்டு உட்கார முடியவில்லை, சார்.

உங்கள் ரீலுக்கு வருகிறேன். ஒரு வாளிக் கடல்தண்ணீர் கொண்டுவரச் சொல்லுங்கள். இதை அதற்குள் போட்டுவிட்டுப் போய் டீ குடித்துவிட்டு வாருங்கள். வந்து நூலை இழுங்கள், வராது. உள்ளே இருப்பது கார்பன் வாஷர் இல்லை. தோல். மெல்லிசாகச் சீவி, வட்டமாக வெட்டி, கறுப்பு மையில் ஊறவைத்துக் காயவைத்து மாட்டினேன். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. அதன் மேலே இருந்த ரப்பர் வளையத்தை எடுத்துவிட்டேன். தண்ணீர் உள்ளே போனால் தோல் தடிக்கும், அடுக்கு இறுகும், ரீல் பூட்டிக்கொள்ளும். காய்ந்தால் சுருங்கிப் பழையபடி ஆகிவிடும். உங்கள் அலமாரியில் இருந்து நன்றாகக் காய்ந்துவிட்டது. அதனால்தான் மேஜைமேல் சுற்றுகிறது.

நான் வாயைத் திறக்காவிட்டால் இதை விபத்து என்று முடித்துவிடுவீர்கள், தெரியும். முடித்துவிட்டால் அவள் திங்கட்கிழமை போய்விடுவாள். கொலை வழக்கு என்றால் இறந்தவருடைய மனைவிதான் முதல் சாட்சி. கூப்பிட்டபோதெல்லாம் வந்து நிற்க வேண்டும். வழக்கு முடியும்வரை ஊரை விட்டு நகர முடியாது. நம் ஊரில் வழக்கு சீக்கிரத்தில் முடியாது.

கொன்றது நான்தான், சார். எழுதிக்கொள்ளுங்கள். இனி அவள் எங்கேயும் போக மாட்டாள்.