கதவை விட்ட கைகள்

என் பெயரும் முகவரியும் தனித்தாளில் எழுதிக் கொடுத்துள்ளேன். வயது முப்பத்தெட்டு. விமானத்திலிருந்து பாராசூட்டில் குதிக்கக் கற்றுக்கொடுப்பது என் தொழில். ஆஸ்பத்திரியில் இருப்பவர் என் தங்கையின் கணவர்.

நேற்று அவருக்கு முதல் குதிப்பு. தரையிலேயே அவரைக் குப்புறப் படுக்கவைத்து, இடுப்பை முன்தள்ளி, நெஞ்சை விரித்து, முகத்தை நிமிர்த்தி, முழங்காலைச் சற்று மடக்கி உடலை வில்லாக வளைக்கப் பழக்கினேன். "கூனிக் குறுகினா முதுகுப் பை கதவுல உரசும், மாப்ள" என்றேன். "எத்தன தடவ சொல்லுவீங்க மச்சான், எனக்கென்ன காது செவிடா?" என்றார்.

அதன் பின் விமானம் மேலே ஏறியதும் கதவைத் திறந்தேன். வாசலுக்கு வந்து கீழே பார்த்தவர் உடனே சுருண்டு, உள்ளே வரத் திரும்பி, இரண்டு கையாலும் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். திரும்பியதில் முதுகுப் பை சட்டத்தில் உரசி, பையைப் பூட்டியிருந்த ஊசி கழன்று, அவசரத்துக்கான மாற்றுப் பாராசூட்டை இழுக்கும் சிறு குடை வெளியே பாய்ந்தது. அந்தப் பாராசூட்டின் பெரிய துணி இன்னும் சட்டத்தில் சிக்கி நின்றது. விமானி திரும்பிப் பார்த்து, "தள்ளு அவன, துணி வால்ல மாட்டுச்சுன்னா எல்லாரும் காலி" என்று கத்தினார்.

"கைய விடுங்க மாப்ள" என்றேன். விடவில்லை. நெஞ்சில் உதைத்தேன். அதன் பின் இடது கை விரல்களைப் பூட்ஸால் மிதித்தேன். அவை முறிவது என் பாதத்துக்குத் தெரிந்தது. அதன் பின் வலது கையையும் மிதித்தேன். அதன் பின் முகத்தில் உதைத்தேன். அவர் மல்லாக்கப் போனார். துணி விரிந்து விமானத்தின் வாலுக்கு அடியில் ஒரு சாண் இடைவெளியில் கடந்தது. உழுத வயலில் கிடந்தவரைத் தூக்கியபோது மேல்வாய்ப் பல் ஒன்றும் இல்லை.

முன்பகை உண்டா என்று கேட்டதற்குச் சொல்கிறேன். போன மாதம் தாடை உடைந்த என் தங்கையை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். குளியலறையில் வழுக்கிவிட்டதாக டாக்டரிடம் சொன்னாள்.

நேற்று மாலை வார்டு வாசலில் அவள், "அண்ணே, பொய் சொல்லிச் சொல்லி நான் களைச்சுப் போயிட்டேன். நீயும் ஆரம்பிக்காத" என்றாள். எனவே இதையும் எழுதிக்கொள்ளவும். விமானத்தில் இருந்த மற்றவர்கள் என் பின்னால் இருந்ததால் பார்த்திருக்க முடியாது. நான் முகத்தில் உதைத்தபோது அவருடைய இரண்டு கைகளும் கதவை விட்டிருந்தன.

படித்துக் காட்டக் கேட்டேன். கூட்டவோ குறைக்கவோ ஏதும் இல்லை.

(ஒப்பம்)