மீதிப் பத்துப் பேர்

அவைக்குத் தலைமையேற்று, "சுருக்கமா முடிச்சிடுங்க" என்று என் காதோடு கண்டிப்பாகச் சொல்லியிருக்கும் நூலகத் தலைவரம்மா அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோரே, பிள்ளையை மடியிலும் பொறுமையை மனத்திலும் ஏந்தி அமர்ந்திருக்கும் தாய்மார்களே, இருக்கை கிடைக்காமல் கதவோரம் நின்றாலும் இன்முகம் மாறாத இளைஞர்களே, நாட்டின் கணக்கை நாட்டு மக்களுக்கே காட்டும், இந்த நூலகத்துப் புள்ளிவிவரக் கூடத்தின் ஓராண்டு நிறைவு விழாவில், இங்கே விளக்கம் சொல்லும் மேசைக்காரனின் முதல் வணக்கம் உங்களுக்கு.

புள்ளிவிவரம் என்றதும் அங்கே ஓர் அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். பாருங்கள் அண்ணே, தப்பில்லை. நான் வாயைத் திறந்தால் என் மனைவியே அடுப்படிக்குப் போய்விடுவாள். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். எத்தனை பேர் பிறந்தோம், எத்தனை பேர் பிழைப்புத் தேடிப் புறப்பட்டுப் போனோம், எத்தனை கைகளுக்கு வேலை இருக்கிறது, ஏறிய விலையைக் கேட்டு எத்தனை வீடுகள் மலைத்து நிற்கின்றன, இதெல்லாம் யாருடைய கதை? அலமாரியின் கதையா? அதிகாரியின் கதையா? உங்கள் கதை. உங்கள் வாசலுக்கு வந்து, உங்கள் வாயால் சொல்லக் கேட்டு வாங்கிய கதை. கொடுத்தவரிடமே அதைத் திருப்பிக் கொடுப்பது தயவா? கடமை.

ஒரு மதியம் ரொட்டிக்கடைக்காரர் ஒருவர் வந்தார். என்ன, பேரைச் சொல்லவா? அது மட்டும் என்னிடம் நடக்காது. எண்ணைச் சொல்வோம், பேரைச் சொல்ல மாட்டோம், எங்கள் பிழைப்பே அதுதான். முழங்கை வரை மாவோடு வந்து நின்றார். "ரொட்டி விலையைக் கொஞ்சம் ஏத்தணும் சார். வர்றவங்க என்னைத் திருடன் மாதிரி பாக்குறாங்க. மாவு விலை ஏறிடுச்சுன்னு எழுத்துல காட்டணும்" என்றார். விலைப் பலகையைக் காட்டினேன். எழுதிக்கொண்டு திரும்பியவரின் கண் பக்கத்துப் பலகையில் நின்றுவிட்டது. செவித்திறன் இல்லாத குழந்தைகள், பகுதிவாரியாக. தம் பகுதியைத் தேடி விரல் வைத்தார். அங்கே எண் இல்லை, ஒரு நட்சத்திரக் குறி இருந்தது.

"என் பொண்ணுக்குக் காது கேக்காது சார். வீட்டுக்கு வந்து எழுதிட்டுத்தான் போனாங்க. இங்க அவ இல்லையே."

கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எடுத்துச் சொன்னேன். ஓர் இடத்தின் எண்ணிக்கை ஐந்துக்கும் கீழே போனால் நாங்கள் எண்ணை எழுதுவதில்லை. எழுதினால் இன்னார் வீட்டுப் பிள்ளை என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் குறி போட்டு மூடுகிறோம். "அவ இருக்கா அண்ணே, பத்திரமா இருக்கா" என்றேன்.

"பத்திரமா வச்சது சரி சார். அவ பேசுறதுக்கு ஒரு ஆள் வேணாமா?"

அவையோரே, நீங்களாவது பதில் சொல்லுங்கள்.

அவள் ஏழு வயதுக்காரி. பள்ளியில் கடைசி பெஞ்சு. மற்ற பிள்ளைகள் சிரித்தால் தானும் சிரிப்பாள், எதற்கென்று தெரியாமலே. சைகை மொழி கற்றுத்தர ஓர் ஆசிரியர் வேண்டுமென்று தந்தை கல்வி அலுவலகத்துக்கு நடையாய் நடந்திருக்கிறார். ஒரு குழந்தைக்காக ஆள் போட முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள். ஒரே ஒரு குழந்தை என்றுதான் அவர்களும் நினைத்தார்கள், இவரும் நினைத்தார்.

எங்கள் மேலாளரம்மாவிடம் ஓடினேன். "குறியை எடுக்க முடியாது. சட்டம் சட்டம்தான்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சுத்தி இருக்கிற பகுதிகளையும் சேத்துக் கூட்டிப் பாருங்க. எண் பெருசா வந்தா ஊருக்கே சொல்லலாமே" என்றார். கூட்டினோம். பதினொன்று. அந்த எண்ணை அச்சிட்டுப் பலகையில் ஏற்றினோம்.

ரொட்டிக்கடைக்காரர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "பதினோரு பேரா? யார் யாரு சார்?"

"சொல்லக் கூடாது அண்ணே."

"எந்தத் தெருன்னாவது சொல்லுங்க."

"அதுவும் கூடாது."

"நல்லா வந்து மாட்டுனேன் உங்ககிட்ட" என்று சிரித்தார். கண் கலங்கியிருந்தது.

மறுநாள் தம் கடைக் கண்ணாடியில் ஒரு தாளை ஒட்டினார். "நம்ம பக்கம் காது கேக்காத பிள்ளைங்க பதினோரு பேரு. ஒண்ணு என் பொண்ணு. மீதிப் பத்துப் பேரு எங்க இருக்கீங்க? உள்ள வாங்க." சட்டம் என் வாயைத்தான் கட்டியது. தன் பிள்ளையைப் பற்றித் தானே சொல்ல எந்தத் தகப்பனுக்குத் தடை?

முதலில் ஒரு தையல்காரம்மா வந்தார். ரொட்டி வாங்குவதுபோல் நின்று, கூட்டம் கலைந்ததும், "எனக்கு ஒரு பையன் இருக்கான்" என்றார். அடுத்து ஒரு லாரி ஓட்டுநர். அடுத்து, பிள்ளையை வெளியே அனுப்பாமலே வளர்த்த ஒரு தம்பதி. வந்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "எங்க வீட்டுல மட்டும்தான்னு நெனச்சோம்." சில வீட்டார் வரவில்லை. வராமலிருப்பது அவர்கள் உரிமை. வந்தவர்கள் திரண்டு கல்வி அலுவலகத்துக்குப் போனார்கள். அரசே அச்சிட்ட எண்ணை அரசு எப்படி மறுக்கும்? ஆசிரியை வந்தார்.

அதனால் ஆள்வோரைக் கேட்கிறேன், ஊரறியாத எண்ணால் யாருக்கு என்ன பயன்? மக்கள்தொகையா, மக்களிடம் சொல்லுங்கள். வேலையின்மையா, வேலை தேடி அலைபவனிடம் சொல்லுங்கள். விலைவாசியா, விலை கொடுத்து வாங்குபவளிடம் சொல்லுங்கள். இனிக்கும் எண்ணுக்கு மாலை போட்டு, கசக்கும் எண்ணைக் கதவடைத்து வைக்காதீர்கள். பேரை மறையுங்கள், ஆளை மறைக்காதீர்கள்.

வகுப்பு தொடங்கிச் சில வாரம் கழித்து நானும் எட்டிப் பார்த்தேன். விரல்களாலேயே சண்டை, விரல்களாலேயே சமாதானம், அப்படி ஒரு ஆரவாரம் அந்த அறையில். அந்தச் சிறுமி ஓடிவந்து தந்தையிடம் கைகளால் ஏதோ கேட்டாள். அவரும் இப்போதுதான் கற்றுக்கொண்டு வருகிறார். மெதுவாகப் புரிந்துகொண்டு என் பக்கம் திரும்பினார்.

"இவங்கல்லாம் இத்தனை நாளா எங்க இருந்தாங்கப்பான்னு கேக்குறா சார். நான் என்ன சொல்ல?"

அடுத்த தெருவில் இருந்தார்கள் மகளே. எங்கள் அட்டவணையிலும் இருந்தார்கள். உன்னிடம் சொல்லத்தான் யாருமில்லை.

இனி எந்தப் பிள்ளையும் அந்தக் கேள்வியைக் கேட்காதிருக்க, இந்தக் கூடத்தின் கதவு திறந்தே இருக்கட்டும். இவ்வளவு நேரம் என்னைப் பேசவிட்ட உங்கள் அன்புக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்.