கீழ்வீட்டு மீன் மணம்

— "அம்மா, முருகன்தானோ மீன் மணத்தை நிப்பாட்டினவர்?" எண்டு என்ர மகள் கேட்டவள், தம்பி. கந்தசஷ்டி துவங்கின அண்டைக்கு. ஓம் பிள்ளை, அவர்தான் எண்டு சொன்னன். வேற என்னத்தைச் சொல்லுறது?

— அக்கா, ஹீட்டிங் எப்போ கெட்டுச்சுன்னுதான் நான் கேட்டேன்.

— அதைத்தானே சொல்லுறன். அந்த நேரம் துவங்கித்தான் மேல எங்களுக்குச் சூடு வாறேல்லை. பிள்ளை காலமை எழும்பேக்கையே தலையிடி எண்டுவாள். பள்ளிக்கூடம் போனா சுகம். வீட்டை வந்தா திரும்பவும் பிடிக்கும். எனக்கெண்டா இந்த அடுப்படிக்காரியிலைதான் சந்தேகம்.

— யாரு, இந்தக் கீழ்வீட்டுக்காரங்களா?

— பியற்றிஸ் அக்கா. இப்ப நாங்கள் நிக்கிறது அவவின்ர குசினியெல்லோ. கேர் ஹோமிலை இரவு ஷிப்ட் முடிச்சு வரப் பிந்துமாம். "கவுன்சில் ஆள் ஹீட்டர் பாக்க வந்தா திறந்து விடு, சிவனேஸ்" எண்டு சாவியைத் தந்திட்டுப் போனவ. கள்ளமில்லாத ஆள் மாதிரி.

— ஹீட்டர் எங்க இருக்கு?

— உந்தக் கபேர்டுக்குள்ளை. ரெண்டு வீட்டுக்கும் இது ஒண்டுதான்.

— கொஞ்சம் தள்ளி நில்லுங்க. டார்ச் அடிச்சுப் பாக்குறேன். ... என்னக்கா இது. குழாய் எங்க?

— என்ன குழாய்?

— காத்து போற குழாய். இது பழைய மாடல். ரேடியேட்டர் கிடையாது. வீட்டுக் காத்த கீழ இழுத்து, சுட வச்சு, மேல ஊதும். போறதுக்கும் குழாய் வேணும், திரும்பி வர்றதுக்கும் குழாய் வேணும். இங்க ரெண்டும் இல்ல. சுவத்துல ஓட்டையப் போட்டு, இடுக்குக்குள்ள அப்படியே ஊத விட்டிருக்காங்க.

— வீட்டுச் சொந்தக்காரர் செல்வரத்தினம் ஒரு வீட்டை ரெண்டாக்கேக்கை கழட்டினவராம். குழாய் நிண்டா அறைக்கு இடம் காணாதாம்.

— இடம் காணாதுன்னா கழட்டிடறதா? சத்தியமா சொல்றேன்க்கா, கோழிக்கூண்டு செய்யறவன்கூட காத்து எந்தப் பக்கம் போகும்னு யோசிப்பான். மேல ஒரு குழந்த தூங்குது, அது தெரியாதா அவருக்கு?

— அவரை விடுங்கோ தம்பி. கபேர்டுக் கதவின்ர அடியைப் பாருங்கோ. அந்தக் கம்பி வலையை.

— ஆமா. துணி அடைச்சிருக்கு. சுத்தி டேப்பு வேற.

— பாத்தீங்களோ? நான் சொன்னா ஆரும் நம்பினவையோ? மேல சூடு போகாமல் அடைச்சுப்போட்டுத் தான் இதமாக் குந்தியிருக்கிறா. படியிலை கண்டா "பிள்ளை சாப்பிட்டவளோ" எண்டு தேன் மாதிரிக் கதை. உள்ளுக்கை இந்த வேலை. மாதா கோயிலுக்குப் போய் என்ன, எங்க போய் என்ன?

— அக்கா, இருங்க.

— ஏன் இருக்கவேணும்? என்ர பிள்ளை மூண்டு போர்வைக்குள்ளை நடுங்கினவள்—

— அக்கா, என் விஷவாயு மீட்டர் கத்துது. பின் கதவத் திறங்க. நல்லாத் திறங்க. வெளில வந்து நில்லுங்க. நான் ஹீட்டர் கேஸ மூடிட்டு வர்றேன்.

— என்ன தம்பி, என்ன நடந்தது?

— இப்போ சொல்றேன். மூச்சு நல்லா இழுங்க. அந்த வலை வழியாத்தான் ஹீட்டர் காத்து எடுக்கணும். அத அடைச்சா, புகைபோக்கில போக வேண்டிய, கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத விஷப்புகைய உள்ள இழுத்துக்கும். அதையே சுவர் இடுக்குல மேல ஊதும். உங்க பொண்ணுக்குத் தலைவலி குளிரால வந்ததில்ல.

— முருகா.

— இன்னிக்கே ரெண்டு பேரும் ஆஸ்பத்திரில ரத்தம் சோதிச்சிருங்க. பயப்படாதீங்க, இப்போ தெரிஞ்சிருச்சு.

— எழுதுங்கோ. தம்பி, உங்கட ரிப்போட்டிலை இப்பவே எழுதுங்கோ. கீழ்வீட்டுப் பொம்பிளைதான் அடைச்சவ எண்டு எழுதுங்கோ.

— காலைல அந்தச் செல்வரத்தினமும் போன் போட்டு இதத்தான் கேட்டார். "கீழ வாடகைக்கு இருக்கிறவ எதையாவது கிண்டியிருந்தா ஒரு வரி எழுதிவிடுங்கோ, மாசம் முடியமுன்னம் வெளியாலை அனுப்பிப்போடுவன்"னார். அவங்க இன்னும் பழைய குறைஞ்ச வாடகையில இருக்காங்களாமே.

— அனுப்பட்டும். எனக்கெண்டா ஒரு சொட்டுக் கண்ணீர் வராது.

— ஒண்ணு மட்டும் புரியல. சூட்ட தனக்கே வச்சுக்கணும்னா மேல போற ஓட்டையத்தான அடைக்கணும்? இத எதுக்கு அடைச்சாங்க? ... அக்கா, மீன் வாசன உங்க வீட்டுக்கு எந்த வழியா வந்துச்சு?

— சாமியறைச் சுவரிலை ஒரு ஓட்டை. சூடு வாற அதே வழியாலை.

— அந்த வாசன நின்ன அன்னிக்குத்தான் சூடும் நின்னுச்சு?

— ஓம். சஷ்டி முதல் நாள்.

— அப்போ அத நிப்பாட்டுனது முருகன் இல்லக்கா. இந்தத் துணி.

— துணியோ?

— அக்கா, யாரோ வர்றாங்க பாருங்க.

— ஆரது பின்வளவிலை? சிவனேஸ், ஏன் பிள்ளை இந்தக் குளிருக்கை நிக்கிறாய்? கதவெல்லாம் ஆவெண்டு திறந்து கிடக்கு.

— நீங்கதான் பியற்றிஸ் அம்மாவா? உள்ள போகாதீங்க. கவுன்சில்ல இருந்து வந்திருக்கேன், கௌசிக். இந்தத் துணிய அடைச்சது நீங்களா?

— ஓம் ராசா. என்ர பழைய சீத்தைச் சீலை. ஏன், பிழையோ?

— பிழையான்னா கேக்குறீங்க? உங்களுக்குத் தல சுத்தலையாம்மா? வாந்தி வரலையா?

— வரும். ஷிப்ட் முடிச்சு வந்து படுத்தா அறை சுத்தும். வயசு போகுதெல்லோ எண்டு நினைச்சன்.

— அந்த விஷப்புகை முதல்ல உங்க கிச்சனுக்குத்தான் வந்திருக்கும். மேல போனது மிச்சம். எதுக்கும்மா இத அடைச்சீங்க?

— என்ர மாதாவே. பிள்ளைக்கு ஏதும் நடந்ததோ? சிவனேஸ், பிள்ளைக்கு என்ன?

— தலையிடி. வேற ஒண்டுமில்லை. நீங்கள் தம்பி கேட்டதுக்குச் சொல்லுங்கோ.

— உன்னாலைதான் பிள்ளை.

— என்னாலையோ?

— சுவருக்குள்ளாலை குரலும் வரும். நீ சாமியறையிலை கதைக்கிறது எல்லாம் இந்தக் கபேர்டுக்கை கேக்கும். "முருகா, ஆறு நாளும் பட்டினி கிடக்கிறன், இந்த மீன் மணத்தை மட்டும் என்னாலை தாங்க ஏலாது" எண்டு அழுதனி. நீ முருகனிட்டைக் கேட்டனி. ஆனா கேட்டது எனக்கெல்லோ.

— என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே அக்கா.

— சொன்னா நீ வெக்கப்படுவாய். தபசு காலத்திலை நாங்களும் இறைச்சி தொடுறேல்லை. விரதம் என்னெண்டு எனக்குத் தெரியாதே? ஆனா ஷிப்டாலை வந்தா எனக்கும் ஒரு துண்டு மீன் இல்லாமல் சோறு இறங்காது. துணியை வைச்சா ரெண்டு பேருக்கும் நல்லது எண்டு நினைச்சன்.

— சஷ்டி முடிஞ்சு எத்தினை நாளாச்சு. எடுத்திருக்கலாமே.

— எடுப்பமெண்டுதான் இருந்தன். உடன பிள்ளையார் கதை விரதம் துவங்கிட்டாய். அது முடிய திருவெம்பாவை. இடையிலை வெள்ளிக்கிழமையள். உங்களுக்கு விரதம் எங்க பிள்ளை முடியுது?

— சாமியறையிலை நான் உங்களைப் பற்றிச் சொன்ன மற்றதுகளும் கேட்டதோ?

— கேட்டது.

— எல்லாமோ?

— கடவுளோடை கதைக்கிறதை நான் கணக்கெடுக்கிறேல்லை. அது அவருக்கு. ராசா, நான்தான் அடைச்சனான் எண்டு எழுதும். பொய் எழுதாதையும்.

— எழுதாதையுங்கோ தம்பி. செல்வரத்தினம் இவவை றோட்டிலை விட்டிடுவார்.

— இப்போதான அக்கா எழுதச் சொன்னீங்க?

— நான் மடைச்சி, சொன்னன். நீங்கள் படிச்சனீங்கள், கேக்கிறதே?

— ரெண்டு பேரும் சண்ட போடாதீங்க. உள்ளத உள்ளபடிதான் எழுதுவேன். குழாயக் கழட்டுனது வீட்டுக்காரர். அது முதல் வரி. இந்த விஷப்புகை வந்தா கத்துற அலாரம் ஒண்ணு வைக்கல. அது ரெண்டாவது. வலைய அடைக்கக்கூடாதுன்னு யாருக்கும் சொல்லல. துணி அதுக்கு அப்புறம்தான். ஒழுங்கா குழாய் இருந்த வீட்டுல இவ்வளவு சின்ன அன்பு ஆளக் கொல்லாதும்மா. அவர் வெளிய அனுப்பப் பாத்தா, நானே வந்து பேசறேன்.

— குளிருக்கு என்ன செய்யிறது ராசா?

— கரண்ட் ஹீட்டர் ரெண்டு வண்டில இருக்கு. ஆளுக்கு ஒண்ணு. முதல்ல ஆஸ்பத்திரி. கிளம்புங்க.

*

— அக்கா, இது மீன்கடை. பூக்கடை அங்காலை. நீங்கள் முருகன் கோயிலிலை மாலை கட்டுற சிவனேஸ்வரி அக்கா எல்லோ?

— ஓம் தம்பி. மெல்லமாக் கதையுங்கோ. ஆரும் வரமுன்னம் எண்டுதான் கடை திறக்கேக்கையே வந்தனான்.

— ஆர் கேட்டு அனுப்பினவை?

— ஒருத்தரும் கேக்கேல்லை. ஒருத்தருக்கும் தெரியவும் வேண்டாம். ஒரு ஆள் ஷிப்டாலை வரமுன்னம் பொரிச்சு, அவவின்ர குசினியிலை மூடி வைச்சிட்டு வரவேணும். சாவி என்னட்டைக் கிடக்கு.

— நீங்கள் பொரிக்கப் போறீங்களோ? பிறந்ததிலை இருந்து சைவம் எண்டு கோயிலிலை சொல்லுவினம்.

— ஓம், நான் மீன் தொட்டதில்லை. எந்த மீன், என்னத்தைப் பிரட்டுறது, எவ்வளவு நேரம் எண்டு வடிவாச் சொல்லித் தாங்கோ. மணம் எங்கட சாமியறைக்குப் போகும், போகட்டும்.