பச்சை மையில் ஒன்பது நகல்கள்

நான் அரசு கலைக் கல்லூரியில் வேதியியல் துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவன். கோச்சடையில் எங்கள் தெருவில் என் கையெழுத்துக்கு மறுபேச்சு இருந்ததில்லை. அந்த மே மாதம் வரை.

காலை ஐந்து நாற்பது. பிரதான சாலையில் ஆம்புலன்ஸ் சைரன். அந்த விடியலில் அது நான்காவது. இம்முறை எங்கள் தெருவுக்குள் திரும்புகிறது. எதிர்வீட்டு வாசலில் நிற்கிறது. ஜவுளி வியாபாரி கோவர்த்தனனைத் தூக்கி வருகிறார்கள். இடக்கண்ணைத் துண்டால் பொத்தியிருக்கிறார். அவர் மனைவி சரோஜா என்னைப் பார்த்துக் கத்துகிறார்.

"சார், கிட்ட வராதீங்க. உள்ள போங்க."

உள்ளே போனேன். கதவைத் தாழிட்டேன்.

தொற்றின் இரண்டாம் அலை அது. மூன்று வாரங்களுக்கு முன் எனக்கு வந்தது. ஆக்சிஜன் குறைந்தது. மருத்துவர் ஸ்டீராய்டு மாத்திரை எழுதினார். ஐந்து நாள் மட்டும் என்றார். பிழைத்தேன். பிறகு தெருவே படுத்தது. எந்த மருத்துவரும் தொலைபேசியை எடுக்கவில்லை. எங்கும் படுக்கை இல்லை. என் சீட்டை ஜெராக்ஸ் எடுத்தேன். ஒவ்வொன்றிலும் பச்சை மையில் 'உண்மை நகல்' என்று சான்றொப்பமிட்டேன். பழைய முத்திரையும் குத்தினேன். ஒன்பது வீடுகளுக்குக் கொடுத்தேன்.

மருந்துக் கடையில் சொல்லிவைக்கப் போனேன். கடைக்காரர் சிரித்தார்.

"பேஷண்ட் பேரு ஒண்ணு, ஆளு மட்டும் ஒம்பதா? சரி, பச்சை மையில இருக்கு. கலெக்டர் ஆர்டராவே வச்சுக்கிறேன் சார்."

ஒருவருக்கு எழுதிய சீட்டில் இன்னொருவருக்கு மருந்து வாங்குவது சட்டத்துக்குப் புறம்பு. விற்பதும் அப்படியே. ஓய்வு பெற்றவன் சான்றொப்பமிடவும் கூடாது. மூன்றையும் அறிந்திருந்தேன். ஆயினும் என் கைபட்டால் செல்லும் என்று கருதினேன். மாணவர்களின் சான்றிதழ்கள் அப்படித்தான் செல்லுபடியாயின.

கோவர்த்தனன் பன்னிரண்டு நாள் சாப்பிட்டார். நகல் கையில் இருந்தது. கடைக்காரர் மறுக்கவில்லை. சர்க்கரை ஏறியது. கரும்பூஞ்சை பிடித்தது. ஆஸ்பத்திரியில் மருத்துவர் கேட்டாராம், "சுகர் பேஷண்டுக்கு இதை யாரு குடுத்தது?" சரோஜா என் பெயரைச் சொல்லவில்லை.

இழப்பு இது. ஆஸ்பத்திரியில் சேர்த்த இரண்டாம் நாள், இடக்கண். நான்காம் நாள், மேல்தாடையில் பாதி. பதினோராம் நாள் பிற்பகல் இரண்டு பத்துக்கு, கோவர்த்தனன். வயது ஐம்பத்து நான்கு. மற்ற எட்டுப் பேரும் பிழைத்தார்கள். அதை என் பெயரில் எழுத வேண்டாம்.

சர்க்கரை நோயை அவர் என்னிடம் மறைத்துவிட்டார் என்று தெருவில் சொல்கிறார்கள். நானும் இதுவரை மறுத்ததில்லை. அவர் மறைக்கவில்லை. சுகர் இருக்கிறது, சாப்பிடலாமா என்று கேட்டார். சாப்பிடலாம் என்றேன்.