காதுல பாட்டு, கையில பிரஷ்

— காதை அடைச்சுக்கிட்டு படம் வரையற ஆளை எங்கயாவது பாத்திருக்கீங்களாங்க?

— மெதுவாடி, உன் தம்பிக்குக் கேக்கப்போவுது.

— கேட்டுட்டாலும்! ஹெட்போனை மாட்டிட்டான்னா பக்கத்துல இடி விழுந்தாலும் தெரியாது. டேய் தம்பி! டேய் தண்டம்! பாத்தீங்களா? பொம்மை மாதிரி தலைய ஆட்டுது.

— என்னமோ முனகறானே?

— பாடறாராம். சுருதியும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது.

— அக்கா! வாயை அசைக்காத! உதடு வரையறேன்!

— ஏன்டா இப்படிக் கத்தற? தனக்குக் காது கேக்கலன்னா ஊரே செவிடுன்னு நினைப்பு.

— மாமா, நீங்க கொஞ்சம் சிரிங்க! கல்யாண நாளுக்கு மாட்டற படம், உர்ருனு இருந்தா நல்லாவா இருக்கும்?

— சிரிக்கறேன் மாப்ள, சிரிக்கறேன்... பெரிய ஓவியர்! நம்ம பொண்ணு கல்யாணத்துக்கு ஒண்ணு வரைஞ்சு குடுத்தானே, ஞாபகம் இருக்கா?

— மறக்குமா? மாப்பிள்ளை மூஞ்சி மஞ்சள் காமாலை வந்த மாதிரி. சம்பந்தி வீட்டுல தலை காட்ட முடியல. நான் திட்டின திட்டுல மிச்ச மஞ்சளைக் குப்பையில போட்டவன், இன்னிக்கு வரைக்கும் அந்தக் கலரைத் தொடல.

— பேரனே பள்ளிக்கூடம் போறான். இவன் இன்னும் அதே ஸ்டூல்ல. சரி, ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டியா?

— படம் முடியட்டுங்க. இப்பவே சொன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு அரைகுறையா விட்டுடுவான்.

— வீட்டுலயே வெளிச்சம் வர்ற ரூம் இது ஒண்ணுதான். பெரிய டிவியா மாட்டி, ஒரு சோபா போட்டா...

— டிவிக்கு எதுக்குங்க வெளிச்சம்?

— உன் தம்பிக்கு மட்டும் எதுக்கு? பின்னாடி ஷெட்டுல, வாஷிங் மெஷின் பக்கத்துல கட்டிலைப் போடு. அந்தச் சத்தமும் அவனுக்குக் கேக்காது.

— ஐயோ, சிரிக்க வைக்காதீங்க, உதடு அசையுது!

— இவன் முன்னாடி எதைத்தான் பேசல நாம? இத்தனை வருஷத்துல ஒரு தடவை திரும்பிப் பாத்திருப்பானா?

— இவனால இருக்கற வசதி அது ஒண்ணுதானே.

*

— என்னங்க, எந்திரிச்சு வாங்க. தம்பியைக் காணோம்.

— காலங்காத்தால எங்க போயிட்டான்?

— துணி, பிரஷ், பெட்டி எதுவும் இல்ல. படத்தை மட்டும் முடிச்சு வச்சிட்டுப் போயிருக்கான்.

— தள்ளு, பாப்போம்... என்னடி இது? நாம ஒழுங்காத்தானே உக்காந்திருந்தோம்?

— நீங்க என் காதுல என்னமோ ஓதறீங்க. நான் அவனைப் பாத்து இளிக்கறேன்.

— கிறுக்குப் பய! ஒரு மூஞ்சி ஒழுங்கா வரையத் துப்பில்ல.

— துப்பில்லாம என்ன, அச்சு அசல் நாமதான்.

— அந்தக் கருமத்தை விடு. ஹெட்போனை மறந்துட்டுப் போயிட்டான் பாரு. பாட்டு இல்லாம எப்படிப் பொழுதை ஓட்டுவான் தொரை?

— மறந்துட்டுப் போகலைங்க. வயர் அறுந்து கிடக்கு.

— ஓஹோ, கோவத்துல அறுத்துட்டானாக்கும்.

— இல்லைங்க. எப்பவும் அவன் சட்டைப் பைக்குள்ள கிடக்கற முனை இது. அறுந்த இடத்துல பெயிண்ட் கெட்டியா காஞ்சு போயிருக்கு. மஞ்சள். நம்ம பொண்ணு கல்யாணப் படத்துக்கு அடிச்ச மஞ்சள்.